மூடிய களஞ்சியத்தின் பச்சை விளக்கு

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரஞ்சி போன் பண்ணினாள். களஞ்சியத்தை மூடப் போகிறார்களாம்.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. இதுவரை சிலிண்டர் வந்த தேதியைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. ஆறு வருடம் நடந்த ஒரு காரியம் முடியப் போகிறது என்றால் யாராவது எழுதி வைக்க வேண்டாமா? அதனால் எழுதுகிறேன்.

கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டரில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. யாரும் விலை கொடுக்க வேண்டாம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் திருத்தலாம். ரஞ்சி என்கிற என் பேத்தி சிவரஞ்சனியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து செய்தது. அதில் பேசுகிற குரல் என்னுடையது. ஐந்து மாதம் தினமும் காலையில் மைக் முன்னால் உட்கார்ந்து இரண்டாயிரத்து எண்ணூறு வாக்கியம் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இப்படிப் படிக்கிறாளே என்று ரஞ்சியின் கூட்டாளிகள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. வாத்தியார் அன்றைக்கே என்னைத்தான் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார். அந்தக் குரலுக்கு ‘ஆவுடை’ என்று என் பெயரையே வைத்தார்கள்.

எல்லா மென்பொருளையும் அடுக்கி வைத்திருக்கிற பெரிய பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டாம். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சரி, நாமே தனியாக ஒன்று வைப்போம் என்று ரஞ்சி வைத்தாள். அது இருப்பது தென்காசியில், எங்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், ஒரு பெட்டிக்குள். எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்கு வந்துதான் என் குரலை எடுத்துப் போகின்றன.

என் வேலை இரண்டு. கரண்டு போய் வந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. எரியவில்லை என்றால் பட்டனை அழுத்துவது. செய்யக் கூடாதது ஒன்று. எரிகிறபோது ஒயரைப் பிடுங்கக் கூடாது, உள்ளே இருப்பது கெட்டுப் போகும். கரண்டு போனால் பக்கத்தில் இருக்கிற பேட்டரி அதை ஒழுங்காக அணைத்துவிடும்.

இப்போது பெரிய களஞ்சியத்திலேயே இடம் கொடுத்துவிட்டார்களாம். “இனி ரெண்டு எடத்துல வச்சுப் பராமரிக்க முடியாது ஆச்சி. ஒண்ணுல திருத்தினா இன்னொண்ணுல திருத்த மறந்து போகுது” என்றாள்.

“ஏளா, என் குரலும் அங்க போகுதா?”

கொஞ்சம் தயங்கினாள். “அங்க புதுக் குரல் ஆச்சி. இன்னும் தெளிவா இருக்கும். ரேடியோவுல வேலை பாத்தவங்க.”

“நல்லதுதான மக்களே” என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முழங்கால் வலி. மிளகாய் வற்றல் காயப் போட்டேன், மழை வந்து எடுத்தேன், மறுபடி போட்டேன். குரல் கொடுத்ததற்காக நூலகத்தில் போன வருடம் எனக்குப் போட்ட சால்வையை வெயிலில் உதறி மடித்து வைத்தேன். அந்துப்பூச்சி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை பதினோரு மணிக்கு ரஞ்சி பெங்களூரில் இருந்தபடியே பெட்டியை அணைத்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றேன். பச்சை விளக்கு மூன்று தடவை சிமிட்டியது, அப்புறம் இல்லை.

“அணைஞ்சிட்டா ஆச்சி?”

“அணைஞ்சிட்டு.”

“இனிமே அப்படியேதான் இருக்கும். பட்டனத் தொட்டுராதீங்க. பழக்கத்துல கை போயிரும், அதான் சொல்லுதேன். தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கிடுதேன்.”

“எனக்கு அது கூடத் தெரியாதா?” என்று கேட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பெட்டியைத் துடைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

ரஞ்சி புதுக் குரலை அனுப்பியிருந்தாள். கேட்டேன். சுத்தமாகத்தான் பேசுகிறாள். ஆனால் எதிரில் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாத பேச்சு. இதை ரஞ்சியிடம் சொல்லவில்லை. “நல்லாருக்கு” என்றேன்.

பழையதில் கடைசியாக ஜூலையில் மாற்றியபோது ஒரு பிழை நுழைந்திருந்ததாம். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் வந்தால் அதை விழுங்கிவிடுகிறதாம். நேற்றுத்தான் கண்டுபிடித்துப் பெரிய களஞ்சியத்தில் திருத்திவிட்டார்களாம். “நம்மள மூடினதே நல்லதாப் போச்சு ஆச்சி. இல்லன்னா அங்கயும் போய்த் திருத்தணும்” என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொலு பார்க்க அம்பாசமுத்திரத்தில் இருந்து செண்பகவடிவு மதினி வந்தாள், புது மருமகளையும் கூட்டிக்கொண்டு. கடலைச் சுண்டல். தேங்காய் அளவாகத்தான் போட்டேன், மதினி வழக்கம்போலக் குறை சொன்னாள். போனார்கள்.

பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தேன். தூசி அதிகம்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலை முதல் சாயங்காலம் வரை கரண்டு இல்லை. வந்ததும் எல்லாவற்றையும் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

ரஞ்சி கோபமாக இருந்தாள். இந்த மென்பொருளை வைத்திருப்பவர்கள் இன்டர்நெட்டில் எழுதிக்கொள்கிற குழுவில் யாரோ ஒரு பெண் சண்டைக்கு வந்திருக்கிறாளாம். நாசரேத் பக்கம், ஜெபசெல்வி என்று பெயர், கண் தெரியாதவள். நேற்றுப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்கு நேர்முகம். 10.30க்கு வரச் சொல்லிக் கடிதம், காலை என்று அதில் எழுதவில்லை. அதை இந்த மென்பொருள் 1.30 என்று வாசித்திருக்கிறது. அவள் மத்தியானம் போயிருக்கிறாள். எல்லாம் முடிந்து பூட்டிவிட்டார்கள்.

“பாவம்லா” என்றேன்.

“பாவந்தான் ஆச்சி. ஆனா அந்தப் பிழைய நாங்க அப்பமே திருத்திட்டோம். பழச எங்க இருந்து எடுத்தீங்கன்னு கேட்டா, புதுக் கம்ப்யூட்டருக்கு உங்க தனிக் களஞ்சியத்துல இருந்து போன வாரந்தான் எடுத்தேங்கா. போன வாரம்! அத மூடி ஒரு மாசம் ஆச்சு. நானே அணைச்சேன். நீங்க பாத்தீங்கள்லா?”

“பாத்தேன்.”

“தப்ப ஒத்துக்கிட மனசில்லாம எவ்வளவு ஈசியாப் பொய் சொல்லுதாங்க பாருங்க.”

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். பால் வைக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இட்லிக்கு ஊறப் போட்டேன், அரைக்க மறந்தேன். ஜலதோஷம் மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

நடந்ததை எழுதுகிறேன். செப்டம்பர் 23ஆம் தேதி தூசி என்று எழுதியது பொய்.

அன்று மதினி கொலுவைப் பார்த்த கையோடு கண்ணாடி அலமாரிப் பக்கம் போனாள். மருமகளிடம், “இதுதான் நான் சொன்னேம்லா, மதினி குரலு உலகம் பூராவும் போற பெட்டி” என்று காட்டினாள். அந்தப் பிள்ளை போட்டோ எடுக்க போனைத் தூக்கியது. மதினி குனிந்து பார்த்தாள்.

“என்ன மதினி, பச்ச லைட்டு எரியும்னு சொல்லுவீங்க. செத்த எலி மாதிரில்லா கெடக்கு.”

மூடிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு குரல் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மதினியின் முகத்தில் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது. என் கல்யாணத்தில் தொடங்கி ஐம்பத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த சிரிப்பு.

“கரண்டு போயி வந்துச்சு. பட்டன அழுத்தணும், அம்புட்டுத்தான்” என்று சொல்லி அழுத்தினேன். விளக்கு எரிந்தது. மருமகள் என்னையும் பெட்டியையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள்.

அவர்கள் போன பிறகு எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. ஒயரைப் பிடுங்கினால் உள்ளே கெட்டுவிடும். ரஞ்சியிடம் கேட்டால் ஏன் எரிகிறது என்பாள். துண்டைப் போட்டு மூடினேன்.

இவ்வளவுதான் என்றால் கூடப் பரவாயில்லை. 26ஆம் தேதி கரண்டு போனபோது பெட்டி தானாக அணைந்தது. வந்தபோது எரியவில்லை. யாரும் பார்க்கவில்லை, மதினி இல்லை. கடவுளே வந்து அணைத்துக் கொடுத்த மாதிரி. நான் துண்டை விலக்கிப் பார்த்தேன், பட்டனை அழுத்தினேன். அது எரிந்தால் எங்கோ நாலு பேருக்கு நான் இன்னும் வாசித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன்.

அந்த நாலு பேரில் ஒருத்தி ஜெபசெல்வி.

கடை மூடியிருந்தால் ஆள் வேறு கடையை விசாரித்துப் போவார். திறந்திருந்தால் கெட்ட சரக்கு என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளையிடம் ஒன்று முப்பது என்று சொன்னது என் குரல். நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரஞ்சியிடம் கேட்டு அந்தக் குழுவில் எழுதியதையெல்லாம் அனுப்பச் சொல்லி வாங்கினேன். என்ன சண்டை என்று பார்க்க ஆசை என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முப்பத்தெட்டு பதிலையும் படித்தேன். ‘மூடிய களஞ்சியத்திலிருந்து எப்படி எடுத்தீர்கள், சாவி வைத்திருக்கிறீர்களா?’ என்று ஒருவர். ‘அனுதாபம் தேடாதீர்கள்’ என்று ஒருவர். சிரிக்கிற பொம்மை முகங்கள். அந்தப் பிள்ளை இதையெல்லாம் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள். வாசித்ததும் என் குரல்தானே.

அவள் கடைசியாக எழுதியது: ‘நான் பொய் சொல்லவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.’

மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்தது, சாப்பிட்டேன். அதுவும் வெட்கமாக இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கே கூப்பிட்டேன். “ரஞ்சி, பெட்டி எரியுது” என்றேன். “எந்தப் பெட்டி?” என்றாள். அப்புறம் அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் மதினி வந்ததைச் சொன்னேன். கரண்டு போய் வந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அலமாரியில் விளக்கு மூன்று தடவை சிமிட்டி அணைந்தது.

“மூணு வாரம் ஓடியிருக்கு ஆச்சி. இருபத்தோரு பேரு எடுத்திருக்காங்க.”

“திட்டுளா.”

“உங்களத் திட்டி என்ன செய்ய? அந்தப் பொண்ணப் பொய்க்காரின்னு சொன்னது நான்லா. மூடினா இன்டர்நெட்ல இருக்க பெட்டி விலாசத்தையும் எடுக்கணும். தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கிடலாம்னு விட்டதும் நான்தான்.”

அழுகிறாளோ என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள். “சரி. கரண்டு போயி வந்ததுல பெட்டி தானா ஆன் ஆயிட்டுன்னு குழுவுல எழுதிருதேன். அப்படி ஆகுறது உண்டு. யாரும் கேக்க மாட்டாங்க. உங்க பேரு வர வேண்டாம்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மத்தியானம் வரை அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. கரண்டு போனது உண்மை, வந்தது உண்மை. மின்வாரியத்தின் மேல் போட்டுவிட்டால் நான் அதே ஆவுடையம்மாள், அதே சால்வை. அலமாரியைத் திறந்து சால்வையை எடுத்துப் பார்த்தேன். ஜெபசெல்விக்குச் சொல்ல இப்படி ஒரு சாக்குக் கூடக் கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். “நான் சொல்லுதத அப்படியே எழுது.”

“ஆச்சி, ஆயிரம் பேரு படிப்பாங்க.”

“அவளத் திட்டினதையும் ஆயிரம் பேருதான படிச்சாங்க. எழுதுளா.”

அவள் எழுதியது: ‘தனிக் களஞ்சியம் ஆகஸ்ட் 31இல் மூடப்பட்டது. செப்டம்பர் 23இல் அதை மறுபடி திறந்தவள் நான். வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமை காட்டத் திறந்தேன். 26ஆம் தேதி அணைந்ததைத் தெரிந்தே மறுபடி திறந்தேன். ஜெபசெல்வி சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவரைப் பேசியவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், முதலில் நான். அங்கிருந்து எடுத்தவர்கள் உடனே அதை நீக்கிவிட்டுப் பெரிய களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முப்பதை அது ஒன்று முப்பது என்று வாசிக்கும். இப்படிக்கு, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி, ஆவுடையம்மாள்.’

‘பெருமை காட்ட’ என்ற இடத்தில் ரஞ்சி நிறுத்தினாள். “இது வேணுமா?” என்றாள். “அது இல்லன்னா மத்தது எதுக்கு?” என்றேன். அதற்குக் கீழே தன் பங்குக்கும் ஒரு மன்னிப்பை எழுதினாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜெபசெல்வியைக் கேட்டு, பேசலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் ரஞ்சி நம்பரைக் கொடுத்தாள். பத்து மணிக்குக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று இந்த டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

“வணக்கம்மா, நான் தென்காசியில இருந்து பேசுதேன்…”

அவ்வளவுதான் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை.

“ஆவுடை” என்றாள்.

எழுதி வைத்ததெல்லாம் போய்விட்டது.

“ஆறு வருஷமாக் கேக்கேன்லா ஆச்சி. எங்கம்மா குரலுக்கு அடுத்தபடி உங்க குரல்தான் நான் அதிகம் கேட்டது. நீங்க இருமினா எப்படி இருக்கும், சிரிச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்திருக்கேன். நேத்து நீங்க எழுதினதையும் நீங்களேதான் எனக்குப் படிச்சீங்க.”

“தப்புப் பண்ணிட்டேம்மா” என்றேன்.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அவள் சொல்லாதபோதுதான் தெரிந்தது.

“ஒரு மணிக்கே போயிட்டேன் ஆச்சி. அம்மாவும் நானும் மூணு பஸ் மாறிப் போனோம். சீக்கிரம் வந்துட்டோம்னு மரத்தடியில ஒக்காந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். வாச்மேன் வந்து, எல்லாரும் பன்னெண்டு மணிக்கே போயாச்சேன்னாரு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீ நல்லாக் கேட்டியாட்டின்னு என்னத்தான் கேட்டா. இப்பவும் கேக்கா.”

“அம்மாகிட்டக் கொடு, நான் சொல்லுதேன்.”

“நேத்தே சொல்லிட்டேன். நம்பிட்டா.” பிறகு வேலையைப் பற்றிச் சொன்னாள். “அந்த வேல இன்னொருத்தருக்குப் போயிட்டு. உங்க பேத்தி கல்லூரிக்கு எழுதிக் கேட்டாங்க. இப்பம் எடம் இல்ல, அடுத்தது வந்தாச் சொல்லுதோம்னு பதில் வந்திருக்கு.”

எனக்கு அது தெரியாது. ரஞ்சி சொல்லவில்லை.

“பழச நீக்கிட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல. மனசு வரல.”

“இப்பமே நீக்கு. நான் போன வைக்கல.”

தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு போன் வழியாக, தூரத்தில், என் குரல் வந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய குரல். இருமல் இல்லாதது.

‘ஆவுடை நீக்கப்படும். தொடரலாமா?’

என் குரல் மறுபடி கேட்டது. ‘தொடரலாமா?’

“ஆச்சி, அழுத்தவா?” என்றாள் ஜெபசெல்வி.

“அழுத்தும்மா.”

அழுத்தினாள். புதியது வந்து சேர வெகுநேரம் ஆனது. அதற்குள் நாசரேத்தில் மழையா என்று கேட்டேன், தூறல் என்றாள். பிறகு அந்த ரேடியோக்காரியின் குரல் வந்தது. எதை வாசிக்கச் சொல்லலாம் என்று ஜெபசெல்வி கேட்டாள். அந்தக் கடிதத்தையே வாசிக்கச் சொல் என்றேன்.

‘பத்து முப்பது மணிக்கு’ என்றது. தெளிவாகத்தான் சொன்னது.

அக்டோபர் 19, ஞாயிறு

ரஞ்சி நேற்று வந்தாள். பெட்டியை எடுக்க அவள் கையை நீட்டியபோது, “இரு, அணைஞ்சுதான இருக்கு?” என்று கேட்டுவிட்டு ஒயரை நானே பிடுங்கினேன். அவள் என்னோடு முன்போலப் பேசுகிறாள். ஆனால் நான் ஏதாவது செய்துவிட்டேன் என்று சொன்னால் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறாள். கேஸை மூடினேன் என்றாலும் போய்ப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

மத்தியானம் செண்பகவடிவு மதினி முறுக்கு கொண்டுவந்தாள். உட்காரும் முன்பே அலமாரியைப் பார்த்தாள்.

“எங்க மதினி உங்க பெட்டி?”

ரஞ்சி எனக்கு முன்னால் வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மதினியை உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். அவள் வந்த அன்று பெட்டி மூடித்தான் இருந்தது என்பதில் தொடங்கி, மரத்தடிக் கட்டுச்சோறு வரை. மதினி முறுக்கைக் கடிக்க மறந்து கேட்டாள். அந்தச் சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை, நான் பாதியில் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ராத்திரிக்குள் அம்பாசமுத்திரம் முழுவதும் தெரிந்துவிடும். போகும்போது வாசல் வரை கூடவே போனேன்.

“எல்லார்ட்டயும் சொல்லுங்க மதினி. நேரத்த மட்டும் மாத்திச் சொல்லிராதீங்க. பத்து முப்பது.”